ஒரு தமிழ்ச் சொல், பல ஆங்கிலச் சொற்கள்: எதை எங்கே பயன்படுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்வழியில் படித்துவிட்டு வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ ஆங்கிலம் பேசியும் எழுதியும் ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். அவர்கள் என்னிடம் கேட்பவற்றில் பெரும்பகுதி இலக்கணக் கேள்விகள் அல்ல. "இரண்டு சொல்லுக்கும் ஒரே அர்த்தம்தானே, எதைப் போடுவது?" என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அப்படி வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அகராதியில் இரண்டு சொற்களுக்கும் ஒரே பொருள் போட்டிருக்கிறது. அப்படியானால் எதைப் பயன்படுத்தினாலும் சரிதானே?

சரியாகாது. டீக்கடையில் "ஸ்ட்ராங்கா ஒரு டீ" என்று கேட்கிறோம். "பவர்ஃபுல்லா ஒரு டீ" என்று யாரும் கேட்பதில்லை. இரண்டு சொற்களுக்கும் அகராதி 'வலிமையான' என்றே பொருள் தருகிறது. ஆனாலும் தேநீரோடு சேர்வது 'ஸ்ட்ராங்', எஞ்சினோடு சேர்வது 'பவர்ஃபுல்'. காற்று 'ஸ்ட்ராங் விண்ட்' ஆகும், மழை 'ஹெவி ரெயின்' ஆகும். இவற்றை இடம் மாற்ற முடியாது. தமிழிலும் இதே ஒழுங்கு உண்டு. வானிலைச் செய்தியில் 'கனமழை' என்று எழுதுகிறவர் அடுத்த வரியில் 'பலத்த காற்று' என்று எழுதுகிறார். 'கனக்காற்று' என்று அவர் கை எழுதாது. ஏன் என்று கேட்டால் அவரால் விதி சொல்லவும் முடியாது.

ஒரு சொல்லை அது யாரோடு சேர்ந்து நடமாடுகிறது என்பதைக் கொண்டே அறியலாம் என்ற கருத்தை ஆங்கில மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1957இல் எழுதினார். என் அனுபவத்தில் இதைவிடப் பயனுள்ள அறிவுரை கிடையாது. எனவே 'இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?' என்று மட்டும் கேட்காமல், 'இது எந்தச் சொல்லோடு வருகிறது?' என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சில சொற்களில் எனக்குத் தவறே வருவதில்லை, சிலவற்றில் எத்தனை முறை திருத்தினாலும் வருகிறது. ஏன்?

தமிழ் பிரித்துச் சொல்லும் இடத்தில் நமக்குப் பெரும்பாலும் தவறு வராது. தமிழில் ஒரே சொல்லாக இருப்பதை ஆங்கிலம் இரண்டாகவும் மூன்றாகவும் உடைக்கும் இடத்தில்தான் வரும். மரத்தின் நிழலும் நம் காலடியில் விழும் நிழலும் தமிழில் ஒன்றே. ஆங்கிலத்தில் வெயிலுக்கு ஒதுங்குவது 'ஷேட்', உருவமாக விழுவது 'ஷேடோ'. கையில் இருப்பதும் காலில் இருப்பதும் நமக்கு விரல். அவர்களுக்குக் கையில் 'ஃபிங்கர்', காலில் 'டோ'.

மாறாக, 'ராப்', 'ஸ்டீல்' என்ற இரண்டையும் பாருங்கள். பொருளைத் திருடுகிறார்கள், வங்கியைக் கொள்ளையடிக்கிறார்கள். திருடுவது 'ஸ்டீல்', கொள்ளையடிப்பது 'ராப்'. ஆகவே 'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்', 'தி பேங்க் வாஸ் ராப்டு'. 'நினைவிருக்கிறது' என்பது 'ரிமெம்பர்', 'நினைவூட்டு' என்பது 'ரிமைண்ட்'. 'கடன் வாங்கு' என்பது 'பாரோ', 'கடன் கொடு' என்பது 'லெண்ட்'. இங்கெல்லாம் தமிழே வழிகாட்டுகிறது. 'கடன்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான் 'கேன் யூ பாரோ மி யுவர் பென்?' என்று கேட்டுவிடுகிறார்கள். வினையையும் சேர்த்துப் படித்திருந்தால் அந்தத் தவறு வந்திருக்காது.

'ஹியர்', 'லிசன்', 'ஆஸ்க்' மூன்றுக்கும் 'கேள்' என்றுதான் பொருள் வருகிறது. எப்படிப் பிரிப்பது?

இந்த ஒரு வினைக்கு ஒரு வகுப்பையே ஒதுக்குவேன். காரணம் இருக்கிறது. என் மாணவர் ஒருவருக்குத் தொலைபேசியில் வேலை நேர்காணல் நடந்தது. வீட்டுக்குள் சிக்னல் சரியாக இல்லை; மாடிப்படியில் நின்றுகொண்டு பேசியிருக்கிறார். எதிர்முனையில் கேள்வி பாதியில் அறுந்துபோனபோது, "சார், கேட்கவில்லை" என்பதை 'சார், ஐ ஆம் நாட் லிசனிங் டு யூ' என்று சொல்லிவிட்டார். எதிர்முனையில் சற்று நேரம் பேச்சே இல்லையாம். அவர் சொல்ல நினைத்தது 'ஒலி காதில் விழவில்லை' என்பது. சொன்னது 'நீங்கள் பேசுவதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை' என்பது. மரியாதையில் ஒரு குறையும் வைக்காத பையன் அவர். அந்த வாக்கியம் அவரை அப்படிக் காட்டிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

'கேட்கிறது' என்று சொல்லக்கூடிய இடமெல்லாம் 'ஹியர்'. அதில் நம் முயற்சி இல்லை. ஒலி தானாக வந்து விழுகிறது. 'கவனித்துக் கேட்கிறேன்' என்று விரித்தாலும் பொருந்தினால் அது 'லிசன்'. அதற்குப் பின்னால் 'டு' வர வேண்டும். கேள்வி கேட்பதும் உதவி கேட்பதும் 'ஆஸ்க்'. கேள்வியாக இருந்தால் 'ஆஸ்க்' போதும், ஒன்றை வேண்டிக் கேட்டால் 'ஆஸ்க் ஃபார்' என்று வரும். தொலைபேசியில் சொல்ல வேண்டிய வாக்கியம் 'சாரி, ஐ கான்ட் ஹியர் யூ'. இதை அப்படியே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

'சீ', 'லுக்', 'வாட்ச்' என்பவையும் இப்படித்தானா?

ஏறக்குறைய இப்படித்தான். 'தெரிகிறது' என்று சொல்ல முடிந்தால் 'சீ', கண்ணைத் திருப்பிப் பார்த்தால் 'லுக் அட்', நகர்வதையோ நடப்பதையோ தொடர்ந்து பார்த்தால் 'வாட்ச்'. ஆட்களைச் சந்திப்பதைத் தமிழில் 'டாக்டரைப் பார்த்தேன்' என்று சொல்வது போலவே ஆங்கிலத்திலும் 'ஐ சா எ டாக்டர்' என்று சொல்லலாம்; 'வாட்ச்' போட்டால் அவரை வேவு பார்த்ததாகிவிடும்.

'சே', 'டெல்': ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன். ஒரு விதி உண்டா?

உண்டு. 'டெல்' என்ற சொல்லுக்கு அடுத்தபடியாகவே யாரிடம் சொன்னார் என்பது வந்துவிட வேண்டும்: 'ஹி டோல்ட் மி'. 'சே' என்பதற்கு அது தேவையில்லை: 'ஹி செட் ஹி வாஸ் டயர்டு'. யாரிடம் என்று சேர்த்தே ஆக வேண்டுமானால் இடையில் 'டு' வரும்: 'ஹி செட் டு மி'. எனவே 'ஹி செட் மி' என்பதும் 'ஹி டோல்ட் டு மி' என்பதும் தவறு. இந்த இரண்டில் முதலாவது பள்ளிப் பிள்ளைகளிடமும், இரண்டாவது நன்றாக ஆங்கிலம் பேசும் பெரியவர்களிடமும் அதிகம் கேட்கிறது.

இதற்கு அடங்காத சில வழக்குகளும் உள்ளன. உண்மை, பொய், கதை ஆகியவற்றுக்கு, கேட்பவரைக் குறிப்பிடாவிட்டாலும் 'டெல்' வரும்: 'டெல் தி ட்ரூத்', 'டெல் எ லை', 'டெல் எ ஸ்டோரி'. வணக்கம், மன்னிப்பு, பிரார்த்தனை ஆகியவற்றுக்கு 'சே' வரும். இவற்றை விதியாக அல்லாமல் தொடராகவே பழக வேண்டும்.

"ஐ ஹேவ் எ டவுட், சார்" என்று கேட்பது தவறா?

வகுப்பில் தமிழ்நாட்டு ஆசிரியரிடம் கேட்டால் அவருக்குப் புரியும். இந்தியா முழுவதும் இந்த வழக்கு இருக்கிறது. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ ஒருவர் உரையாற்றி முடித்ததும் எழுந்து 'ஐ ஹேவ் எ டவுட்' என்றால், 'நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை' என்று அவர் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. தெரியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்பது 'கொஸ்டின்'. தமிழில் 'சந்தேகம்' என்ற ஒரே சொல் புரியாமையையும் நம்பாமையையும் சேர்த்துச் சுமக்கிறது. ஆங்கிலத்தில் 'டவுட்' நம்பாமையைத்தான் முதலில் உணர்த்தும்.

இதைவிட நுட்பமான சிக்கல் 'டவுட்', 'சஸ்பெக்ட்' என்ற வினைகளில் இருக்கிறது. 'ஐ டவுட் ஹி இஸ் அட் ஹோம்' என்றால் அவர் வீட்டில் இருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். 'ஐ சஸ்பெக்ட் ஹி இஸ் அட் ஹோம்' என்றால் அவர் வீட்டில்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். இரண்டையும் 'சந்தேகிக்கிறேன்' என்று மொழிபெயர்த்துவிட்டால் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரண்டு வாக்கியங்கள் ஒன்றாகிவிடும். மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நொடி நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

'சின்ஸ்', 'ஃபார்', 'ஃபிரம்' மூன்றையும் எப்படிப் பிரிப்பது?

விடுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். 'மூன்று நாட்களாகக் காய்ச்சல்' என்பதற்கும் 'திங்கட்கிழமை முதல் காய்ச்சல்' என்பதற்கும் தமிழே வேறு வேறு உருபு போட்டிருக்கிறது. '-ஆக' என்று முடிந்தால் அது கால அளவு, ஆங்கிலத்தில் 'ஃபார் த்ரீ டேஸ்'. 'முதல்' அல்லது 'இலிருந்து' என்று வந்தால் அது தொடங்கிய புள்ளி, ஆங்கிலத்தில் 'சின்ஸ் மண்டே'. 'சின்ஸ் த்ரீ டேஸ்' என்று எழுதுகிறவர்கள் தங்கள் தமிழ்க் காதையே கேட்காமல் விட்டவர்கள்.

ஆனால் இதே வாக்கியத்தில் தமிழ் நம்மை வழி தவறச் செய்யும் இடங்களும் இரண்டு இருக்கின்றன. ஒன்று, 'முதல்' என்ற சொல் 'சின்ஸ்', 'ஃபிரம்' இரண்டுக்கும் பொது. தொடங்கி இன்றுவரை நீடிப்பதற்கு மட்டுமே 'சின்ஸ்' உரியது. இனிமேல் தொடங்கப்போவதற்கும், முடிவையும் சேர்த்துச் சொல்வதற்கும் 'ஃபிரம்' வரும். 'நாளை முதல் வருகிறேன்' என்பதில் 'ஃபிரம் டுமாரோ'. 'திங்கள் முதல் புதன் வரை' என்பதில் 'ஃபிரம் மண்டே டு வென்ஸ்டே'. இன்னொன்று வினையின் காலம். 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ஆங்கிலத்திலும் 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று வந்துவிடுகிறது. அங்கே தேவைப்படுவது 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்'. உருபைத் தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், காலத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

'ஐ சா', 'ஐ ஹேவ் சீன்' இரண்டும் ஒன்றுதானே?

'பார்த்தேன்', 'பார்த்திருக்கிறேன்' இரண்டும் ஒன்றா? இல்லை என்று நமக்கே தெரியும். 'நேற்று அவரைப் பார்த்தேன்' என்போம். 'நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்' என்று சாதாரணமாகச் சொல்வதில்லை. 'தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா?' என்று கேட்டால் என்றைக்கு என்பது பேச்சே இல்லை. அந்த அனுபவம் உண்டா என்பதே கேள்வி. ஆங்கிலமும் இதையே செய்கிறது. 'நேற்று', '2015இல்', 'போன வாரம்' என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'ஹேவ்' வரக்கூடாது. 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே' என்று எழுதியவரிடம் அதைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொன்னால் அவரே திருத்திக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

'மஸ்ட்', 'ஹேவ் டு': எதற்கு எது?

உடன்பாட்டில் இரண்டும் 'வேண்டும்' என்பதற்கு மிக அருகில் நிற்கும். 'மஸ்ட்' என்றால் பேசுகிறவரே வலியுறுத்துகிறார், 'ஹேவ் டு' என்றால் வெளியிலிருந்து ஒரு கட்டாயம் இருக்கிறது என்று சொல்வார்கள். அன்றாடப் பேச்சில் இந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக இல்லை. எதிர்மறையில்தான் எச்சரிக்கை தேவை. 'யூ மஸ்ட் நாட் கோ' என்றால் நீ போகக்கூடாது. 'யூ டோன்ட் ஹேவ் டு கோ' என்றால் நீ போக வேண்டியதில்லை, விரும்பினால் போகலாம். மருந்துச் சீட்டிலும் ஒப்பந்தத்திலும் இவற்றை மாற்றி எழுதினால் விளைவு சிறியதாக இருக்காது.

'டூ', 'மேக்' இரண்டும் 'செய்' தானே?

செயலை நினைத்தால் 'டூ', செயலின் முடிவில் உண்டாகும் ஒன்றை நினைத்தால் 'மேக்' என்று பொதுவாகச் சொல்லலாம். 'டூ தி ஹோம்வொர்க்', 'மேக் காபி'. ஆனால் இந்த விதி பாதி தூரம்தான் வரும். 'தப்புப் பண்ணிட்டேன்' என்பது 'ஐ மேட் எ மிஸ்டேக்' என்றுதான் வரும். 'மேக் தி பெட்' என்றால் தச்சர் கட்டில் செய்வதல்ல, படுக்கையைச் சரிசெய்து வைப்பது. தொடராகப் படியுங்கள்.

'கம்', 'கோ', 'பிரிங்', 'டேக்' என்பவற்றைப் படிக்கத் தனி முயற்சி வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 'வா, போ, கொண்டுவா, கொண்டுபோ' என்ற நான்கும் அவற்றுக்கு நேராகப் பொருந்துகின்றன. கேட்பவரின் இடத்தை நோக்கிப் போவதையும் ஆங்கிலத்தில் 'கம்' என்பார்கள். நாமும் தொலைபேசியில் 'நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்' என்றுதான் சொல்கிறோம், 'போகிறேன்' என்பதில்லை. வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதை வரையறுத்தே வைத்திருக்கிறது. இவ்வளவு பழைய விதி நம் நாவில் உயிரோடு இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி.

விடைபெறும்போது மட்டும் கவனம் தேவை. 'போகிறேன்' என்று சொல்ல மனம் வராமல் 'போய்விட்டு வருகிறேன்' என்கிறோம். அதை 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றால், எங்கோ போய்விட்டுச் சற்று நேரத்தில் திரும்புவார் என்று எதிரிலிருப்பவர் காத்திருப்பார். அங்கே 'சீ யூ லேட்டர்' என்பதே பொருந்தும்.

'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்ட்டராகேட்': பெரிய சொல்லைப் போட்டால் ஆங்கிலம் உயர்வாகத் தெரியுமா?

நார்மண்டியின் வில்லியம் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. திருச்சபையிலும் கல்வியிலும் லத்தீன் இருந்தது. மக்கள் பழைய ஆங்கிலத்திலேயே பேசினார்கள். அதனால் ஒரே கருத்துக்கு இரண்டு மூன்று அடுக்குகளாகச் சொற்கள் சேர்ந்தன. 'ஆஸ்க்' பழைய ஆங்கிலம், 'கொஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது, 'இன்ட்டராகேட்' லத்தீன். காவல்துறை ஒருவரைக் கேட்டது, விசாரித்தது, துருவித் துருவி விசாரித்தது என்ற வேறுபாடு இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கிறது. 'ஹெல்ப்', 'அசிஸ்ட்' என்பவையும் 'பை', 'பர்ச்சேஸ்' என்பவையும் பொருளால் ஒன்றுதான், இடத்தால் வேறு. வீட்டில் குடிப்பது தண்ணீர், கோயிலில் கையில் வாங்குவது தீர்த்தம் என்பதைப் போல.

பெரிய சொல் உயர்வு தரும் என்று நம்பி, நண்பருக்கு எழுதும் கடிதத்தில் 'கமென்ஸ்' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. 'பிகின்', 'ஸ்டார்ட்' என்பவை எங்கும் செல்லும். சட்ட ஆவணமோ விழா அழைப்போ இல்லாவிட்டால் சிறிய சொல்லையே எடுங்கள்.

'ப்ளீஸ்' போட்டும் என் மின்னஞ்சல் கட்டளை போல இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்வது?

தமிழில் மரியாதை வினையின் ஈற்றில் அமர்ந்திருக்கிறது. 'கொடு' என்பதற்கும் 'கொடுங்கள்' என்பதற்கும் உள்ள தூரம் முழுவதும் அந்த '-ங்கள்' தான். ஆங்கிலத்தில் 'கிவ் மி' என்று மாற்றியதும் அது உதிர்ந்துவிடுகிறது. அதை வேறோர் இடத்தில் திரும்ப ஏற்ற வேண்டும். அந்த இடம் 'குட் யூ', 'வுட் யூ' என்ற துணைவினைகள். 'ப்ளீஸ் சென்ட் தி ஃபைல்' என்பது மேலாளர் சொல்வது போலக் கேட்கும். 'குட் யூ ப்ளீஸ் சென்ட் மி தி ஃபைல்?' என்பதில்தான் 'அனுப்புகிறீர்களா?' என்ற பணிவு வந்து சேரும்.

கேட்கும் சொல்லை ஆளுக்கேற்ப மாற்றுவது நமக்குப் புதிதல்ல. 'ஈ' என்பது தாழ்ந்தவர் கேட்பது, 'தா' என்பது ஒப்பானவர் கேட்பது, 'கொடு' என்பது உயர்ந்தவர் கேட்பது என்று தொல்காப்பியமே பிரித்திருக்கிறது.

'வுட் யூ மைண்ட்' என்று தொடங்கும் வேண்டுகோளுக்குப் பதில் சொல்லும்போது விழிப்பாக இருங்கள். 'உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்பதே அதன் உட்பொருள். 'வுட் யூ மைண்ட் ஓப்பனிங் தி விண்டோ?' என்று கேட்டவரிடம் 'எஸ்' என்றால் மறுத்ததாகிவிடும்; 'நாட் அட் ஆல்' என்று சொல்லிவிட்டுச் சன்னலைத் திறக்க வேண்டும்.

'பிரிபோன்', 'ரிவர்ட்' போன்ற சொற்களைப் பயன்படுத்தலாமா?

இந்தியருக்கு இந்தியர் எழுதும்போது தாராளமாகப் பயன்படுத்தலாம். 'போஸ்ட்போன்' இருக்கும்போது முன்னுக்குக் கொண்டுவருவதற்கு 'பிரிபோன்' என்பது ஒழுங்கான, தேவையான படைப்பு என்பது என் கருத்து. வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்டு' என்று மாற்றிக்கொள்ளுங்கள். 'ரிவர்ட்' என்பதை நான் ஆதரிப்பதில்லை. அதற்குப் பழைய நிலைக்குத் திரும்புதல் என்ற பொருள் உறுதியாக இருக்கிறது, 'ரிப்ளை' என்ற எளிய சொல்லும் கையில் இருக்கிறது. 'கல்லூரியில் பாஸ்டு அவுட்' என்பதையும் வெளிநாட்டில் தவிர்க்க வேண்டும்; மயங்கி விழுந்ததாக நினைப்பார்கள். 'கிராஜுவேட்டட்' என்பதே அங்கே சரி.

ஆங்கில நாடுகளுக்குள்ளேயே இப்படி நேர்கிறது. கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் ஒத்திவைப்பது.

எந்த அகராதியைப் பார்ப்பது?

ஒத்த சொற்களை மட்டும் அடுக்கித் தரும் தொகுப்புகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பீட்டர் மார்க் ரோஜே 1852இல் வெளியிட்ட புகழ்பெற்ற சொற்களஞ்சியம் கருத்துவாரியாகச் சொற்களைக் கூட்டிவைத்தது. தெரிந்த சொல்லை மறந்துபோனவருக்கு அது பெருந்துணை, தெரியாதவருக்குப் பொறி. கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட அகராதிகள் வேறு. ஏ. எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த அனுபவத்திலிருந்து உருவாக்கி, 1942இல் அங்கேயே வெளிவந்த அகராதி 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாயிற்று. இன்று வரை பதிப்புகள் வருகின்றன. அதில் பொருளைப் படித்ததும் மூடிவிடாமல், கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இரண்டையாவது உரக்கப் படியுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தமிழ் அகராதியைப் பாருங்கள் என்பேன். 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தமிழ்ச் சொல்லின் பொருள்களை எண்ணிட்டுப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலப் பொருளையும் தருகிறது. 'கேள்', 'பார்', 'போடு', 'பிடி' என்ற நான்கு வினைகளின் பதிவுகளை ஒரு மாலையில் அமர்ந்து படித்துவிட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் உங்கள் வீட்டில் பேசும் ஒரு வாக்கியத்தையும் அதன் பக்கத்தில் ஆங்கில வாக்கியத்தையும் எழுதுங்கள். 'போடு' என்பதற்கே சட்டை போடுவது, சாப்பாடு போடுவது, விளக்கைப் போடுவது, சண்டை போடுவது, கையெழுத்துப் போடுவது என்று வரிசை நீளும். அவை ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் வேறு வினை.